மூடுபனி முதல் முள்ளிலவுப் பூ வரை: லோதி தோட்டத்தில் ஒரு 8×42 பைனாகுலர்

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். தில்லி லோதி தோட்டத்தில் பறவை பார்ப்பதற்கு 10 மடங்கு பைனாகுலர் வேண்டாம். 8×42, அதாவது 8 மடங்கு பெரிதாக்கும் கருவி, தாராளமாகப் போதும். சில குளிர்காலங்களாக ஒரே கருவியை மாட்டிக்கொண்டு ஒரே தோட்டத்தில், டிசம்பர் பனியிலிருந்து ஏப்ரல் வெயில் வரை அலைந்த பிறகு சொல்வது இது. கடையில் கேட்டால் பத்துதான் நல்லது என்பார்கள். எண் பெரிதானால் விலையும் பெரிதாகும் அல்லவா?

லோதி தோட்டம் சுமார் 90 ஏக்கர். நடைப்பயிற்சிக்கு வருபவர்கள், யோகா செய்பவர்கள், வட்டமாக நின்று கைதட்டிச் சிரிப்பவர்கள், நாயைக் கூட்டிவருபவர்கள் என்று எல்லாரையும் பார்த்துப் பழகிய பறவைகள் அங்கே இருப்பவை. புல்தரையில் கொண்டலாத்தி நமக்குச் சில அடி தள்ளி மண்ணைக் குத்திக்கொண்டிருக்கும். நாம் நெருங்கினால் கொண்டையை ஒருமுறை விரித்து மடக்கும், பிறகு வேலையைத் தொடரும். இவ்வளவு பக்கத்தில் இருக்கும் பறவையை இன்னும் பெரிதாக்கி என்ன ஆகப்போகிறது? பார்வைப் பரப்பு எவ்வளவு அகலம், எவ்வளவு அருகில் இருப்பது துலங்கும், மங்கிய ஒளியில் நிறம் தெரியுமா, இவைதான் இங்கே கேட்க வேண்டிய கேள்விகள். கிளைக்குக் கிளை தாவும் சிறு குருவியைப் பத்து மடங்கின் குறுகலான வட்டத்துக்குள் பிடிப்பதற்குள் அது அடுத்த மரத்துக்குப் போய்விடும். கை நடுக்கமும் அதில் கூடுதலாகத் தெரியும்.

42 மி.மீ. என்பது முன்பக்க லென்ஸின் விட்டம். அதை 8 ஆல் வகுத்தால் 5.25 மி.மீ.; கண்ணை வந்தடையும் ஒளிக்கற்றையின் அகலம் அது. 10×42 கருவியில் இது 4.2 மி.மீ. ஆகிவிடும். மே மாத நண்பகலில் இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாது. ஜனவரிக் காலையில் நன்றாகவே தெரியும்.

ஜனவரிக் காலை எப்படி இருக்கும் என்று தில்லிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சென்னையிலிருந்து வருபவர்களுக்குச் சொல்ல வேண்டும். வெப்பநிலை 5, 6 டிகிரிக்கு இறங்கும். மூடுபனியோடு நகரத்தின் புகையும் கலந்துகொள்ளும். பக்கத்தில் போகும் வரை, தோட்டத்துக்குள் இருக்கும் சிக்கந்தர் லோதி கல்லறையின் மதில் கண்ணுக்குத் தெரியாது. விடியலில் போனால்தான் பறவைகள் கிடைக்கும் என்று எல்லாரும் சொல்லும் அறிவுரை டிசம்பர், ஜனவரி மாதங்களில் இங்கே செல்லாது. பூச்சிகள் விறைத்துக் கிடக்கும் நேரத்தில் பூச்சி தின்னும் பறவைகள் எதற்காக அலைய வேண்டும்? வெயில் மரத்தலைகளில் விழ ஒன்பது மணிக்கு மேல் ஆகும். அதுவரை போர்வைக்குள் இருப்பது சோம்பல் அல்ல, திட்டமிடல்.

காற்று மோசமான நாட்களில் முகக்கவசம் இல்லாமல் போகக் கூடாது. ஆனால் கவசத்தின் மேல்விளிம்பு வழியாகக் கசியும் மூச்சு கண்பக்க லென்ஸில் ஆவியாகப் படியும். மூக்குத்தண்டில் கம்பி வைத்த கவசத்தை இறுக்கி அணிந்தால் பாதித் தொல்லை தீரும். கருவியின் உட்புறத்தில் ஈரம் படியாதிருக்க நைட்ரஜன் வாயு அடைத்த, நீர் புகாத வகையாகப் பார்த்து வாங்குங்கள்; செலவு சற்றுக் கூடினாலும் வீணாகாது. மூக்குக்கண்ணாடி அணிபவர்கள், லென்ஸிலிருந்து 15 மி.மீ. அல்லது அதற்கு மேல் கண் தள்ளியிருந்தாலும் முழு வட்டமும் தெரிகிற கருவியைக் கேட்டு வாங்க வேண்டும். பெட்டியோடு வரும் கழுத்துப்பட்டையை எடுத்து வைத்துவிட்டு, இரு தோள்களிலும் மாட்டும் பட்டை ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். இந்தக் கருவிகள் பெரும்பாலும் அரைக்கிலோவுக்கு மேல் எடை உள்ளவை. இரண்டு மணி நேரம் கழிந்ததும் கழுத்து அதைச் சொல்லும்.

குளிர்கால விருந்தாளிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தத் தோட்டத்தின் செல்வம் அவைதான். செம்மார்பு ஈப்பிடிப்பான் தாழ்ந்த கிளையில் உட்கார்ந்து, வாலைத் தூக்கித் தூக்கி இறக்கும். முதிர்ந்த ஆணுக்கு மட்டுமே தொண்டையில் ஆரஞ்சு நிறம் இருக்கும். மற்றவற்றைக் கறுப்பு வாலின் இரு ஓரங்களிலும் இருக்கும் வெள்ளையை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். மங்கிய ஒளியில் அந்த வெள்ளையைக் காட்டாத பைனாகுலரை வாங்காதீர்கள். என் அளவுகோல் அதுதான். சாம்பல்தலை ஈப்பிடிப்பான் மஞ்சள் வயிறோடு மரநிழலில் சுறுசுறுப்பாகப் பறக்கும். புல்வெளியில் வெள்ளை வாலாட்டி ஓடிக்கொண்டிருக்கும். பிளாக் ரெட்ஸ்டார்ட்டின் செம்பழுப்பு வால் ஒரு நொடியும் சும்மா இருக்காது. உச்சிக் கிளைகளில் ஹ்யூம் கதிர்க்குருவி இரட்டை அசையில் மெல்லிதாக விட்டுவிட்டுக் கத்தும். 1885 இல் காங்கிரஸ் தோன்றக் காரணமானவர்களில் ஒருவரான ஆலன் ஆக்டேவியன் ஹ்யூமின் பெயரைத் தாங்கிய குருவி அது. அரசியல் கூட்டங்களுக்குப் பேர்போன நகரத்தில் அதன் குரல் யார் காதிலும் விழாமல் போவதில் எனக்கு ஒரு சிறிய வேடிக்கை.

பறவைக் குரலை அடையாளம் காட்டும் கைபேசிச் செயலி உண்மையில் உதவியது இந்தக் கதிர்க்குருவி விஷயத்தில்தான். வயது ஏற ஏற மிக மெல்லிய, உச்சத்தாயி ஒலிகள் காதில் விழாமல் போகும். அவற்றைச் செயலி பிடித்துத் திரையில் பெயரைக் காட்டும், நாம் நிமிர்ந்து தேடலாம். அந்தப் பெயரைத் துப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கரிச்சானும் வால்காக்கையும் பிற பறவைகளைப் போலக் குரல் கொடுக்கும்போது செயலி ஏமாறும். கிளிக்கூட்டம் ஒன்று தலைக்கு மேல் கடந்தால் அதற்கு வேறெதுவும் கேட்காது. சிரிப்புக் குழுவின் பக்கத்தில் நின்று அதைத் திறப்பதே வீண். செயலியில் பதிவான குரலைத் திரும்ப ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கச் சிலர் முயல்வதையும் பார்க்கிறேன். குஞ்சு பொரிக்கும் காலத்தில் தன் எல்லைக்குள் வேறொரு ஆண் புகுந்துவிட்டதாக எண்ணிப் பறவை அலைக்கழியும், அதைச் செய்யாதீர்கள்.

செயலிகளைவிடத் தோட்டக்காரர்களை நம்பலாம். புள்ளி ஆந்தை இந்த வாரம் எந்தப் பொந்து வாசலில் வெயில் காய்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்; விசாரித்தால் கையில் உள்ள துடைப்பத்தாலேயே திசை காட்டுவார்கள்.

அந்தப் பொந்துகள் இருப்பதற்கும் தோட்டத்தின் வரலாற்றுக்கும் தொடர்பு உண்டு. கல்லறைகளைச் சுற்றி இருந்த கைர்பூர் கிராமத்தை அகற்றி, 1936 இல் லேடி வில்லிங்டன் பூங்கா என்ற பெயரில் திறந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு பெயர் மாறியது. 1968 இல் கட்டடக் கலைஞர் ஜோசப் ஸ்டெய்னும் நிலவடிவமைப்பாளர் காரெட் எக்போவும் அதற்குப் புது வடிவம் கொடுத்தார்கள். பல பத்தாண்டுகளாக நின்று பருத்த மரங்களும், 15, 16 ஆம் நூற்றாண்டுக் கட்டடங்களின் சுவர் ஓட்டைகளும் ஒரே வளாகத்தில் இருப்பதால்தான் ஆந்தையும் கிளியும் இருவாச்சியும் நகரத்தின் நடுவே கூடு வைக்கின்றன. புதிதாகப் போட்ட பூங்காவில் எவ்வளவு செடி வைத்தாலும் பொந்து கிடைக்காது.

பிப்ரவரியில் காட்சி மாறத் தொடங்குகிறது. இளவேனில் என்றதும் தளிரும் நிழலும் நினைவுக்கு வரும். தில்லியில் பல மரங்கள் இலை உதிர்ப்பதே அப்போதுதான். பில்கன் என்று அங்கே அழைக்கப்படும் அத்தி இன மரம் மொட்டையாகிச் செம்பு நிறத் தளிர் விடும். வேம்பும் அரசும் தொடர்ந்து உதிர்க்கும். முள்ளிலவு இலையே இல்லாமல் சிவப்புப் பூக்களை ஏந்தி நிற்கும். பைனாகுலர் வைத்திருப்பவருக்கு இதைவிடச் சாதகமான பருவம் கிடையாது: பனி விலகிவிட்டது, ஒளி கூடிவிட்டது, மறைக்க இலையும் இல்லை.

பூத்த முள்ளிலவு ஒன்றின் கீழ் நின்றால் நாள் முழுக்க நடக்க வேண்டியதில்லை. மைனா, காகம், கொண்டைக்குருவி, வெள்ளைக்கண்ணி என்று எல்லாம் தேன் குடிக்க அங்கேயே வரும்; அணிலும் வரும். ஊதாத் தேன்சிட்டின் ஆண் டிசம்பரில் மஞ்சள் மார்பின் நடுவே ஒரு கருங்கோட்டோடு பெண்ணைப் போலவே இருந்தது. வாரத்துக்கு வாரம் திட்டுத் திட்டாகக் கருத்து, இப்போது வெயிலில் ஊதாவாக மின்னும். ஒரே தோட்டத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறவர்களுக்கு மட்டும் கிடைக்கும் காட்சி இது.

மார்ச்சில் பழுப்புத்தலைக் குக்குறுவான் இடைவிடாமல் குரல் கொடுக்கும். பச்சைக்கிளிகள் படா கும்பத் என்ற குவிமாடக் கட்டடத்தின் சுவர் ஓட்டைகளுக்குச் சண்டையிடும். குயில் கூவும். குளிர்கால ஈப்பிடிப்பான்கள் இன்னும் கிளம்பியிருக்காது. பிப்ரவரிக் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை விருந்தாளியும் வீட்டுக்காரரும் ஒரே மரத்தில் இருப்பார்கள். பட்டியல் நீளமாக வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு இதுதான் தருணம். பட்டியலைப் பொதுவில் பதிவு செய்ய விரும்பினால் அதற்கு முன்பே, பிப்ரவரி நடுவில் நான்கு நாட்கள் நடக்கும் உலகளாவிய பறவைக் கணக்கெடுப்பில் சேரலாம். 1998 இல் அமெரிக்காவில் தொடங்கிய இதில் 2013 முதல் இந்தியாவும் பங்கேற்கிறது. கால் மணி நேரம் பார்த்து, பறவைப் பட்டியல்களைச் சேர்க்கும் ஈபேர்டு (eBird) இணையதளத்தில் ஏற்றினாலே போதும்.

மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் சோளக்குருவிகள் கூட்டமாக வடக்கே போகும் வழியில் தில்லியில் இறங்கும். கருந்தலை, ரோஜா நிற உடல். குளிர்காலத்தில் திருநெல்வேலி வானத்தில் இருட்டுமுன் சுழன்று திரளும் அதே இனம்தான். மத்திய ஆசியாவுக்குக் குஞ்சு பொரிக்கப் போகிறது. முசுக்கொட்டைப் பழம் பழுக்கும் நேரத்தில் அவை வருவது தற்செயல் இல்லை.

ஏப்ரலில் ஆறு மணிக்கே போய்விட வேண்டும். ஒன்பதுக்கு மேல் வெயில் விரட்டும். மாங்குயில் அப்போதுதான் வந்திருக்கும். சாம்பல் இருவாச்சிகள் பொந்து தேடும். பெண் உள்ளே நுழைந்து, எச்சத்தாலும் பழக்கூழாலும் வாசலை அடைத்து, ஒரு சிறு பிளவு மட்டும் விடும். ஆண் அதன் வழியே அத்திப்பழம் ஊட்டும். கூட்டருகே ஆட்கள் கூடி நின்றால் ஆண் பழத்தோடு அடுத்த மரத்திலேயே காத்திருக்கும், உள்ளே பசி நீளும். 8 மடங்கு இருக்கிறது, தள்ளியே நின்று பாருங்கள்.

குறைகளும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் புல்வெளி முழுக்கப் பாய் விரித்துச் சாப்பாட்டுக் கூட்டம். பறவை பார்ப்பது அத்துடன் முடிந்தது. ஏரியில் இருப்பவை பெரும்பாலும் வளர்ப்பு வாத்துகள். வலசை வரும் நீர்ப்பறவைகள் வேண்டுமானால் யமுனையோரம் ஓக்லாவுக்குப் போக வேண்டும். தூரப் பார்வை தேவைப்படும் அங்கே பத்து மடங்குக்கு நியாயம் உண்டு. அமைதி வேண்டுபவர்களுக்கு, 2018 இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட சுந்தர் நர்சரி, ஹுமாயூன் கல்லறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே டிக்கெட் உண்டு, லோதியில் இல்லை.

ஒரே ஒரு காலை மட்டும் ஒதுக்க முடியும் என்றால் மார்ச் முதல் பாதியில் ஒரு வேலைநாளைத் தேர்ந்தெடுங்கள். ஜோர்பாக் மெட்ரோவில் இறங்கி நடந்தோ ஆட்டோவிலோ வரலாம். முதலில் அட்புலா பாலத்துப் பக்கம் போங்கள். தண்ணீரும் பெரிய மரங்களும் அங்கே சேர்ந்திருக்கின்றன. ஏழு மணிக்கு உள்ளே இருந்தால் போதும்.