ஒன்பது வருடச் சுருட்டு: மூக்கைப் பழக்கிய கதை

2016-ல் சிங்கப்பூரிலிருந்து வந்த அக்கா மகன் ஒரு நிக்கராகுவா சுருட்டைக் கொடுத்துவிட்டுப் போனான். கூடவே ஒரு அட்டை. சீடார் மரம், தோல், கோகோ, ஹேசல் பருப்பு என்று அதில் வரிசையாக வாசனைப் பெயர்கள். ரங்கூன் வீட்டு மாடியில் அட்டையை ஒரு கையிலும் சுருட்டை மறு கையிலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்குக் கிடைத்தது புகை. அப்புறம் கொஞ்சம் காரம், நிறையக் கசப்பு, பாதி முடிவதற்குள் தலைச்சுற்றல். அட்டை எழுதியவன் புளுகுகிறான் என்று முடிவு கட்டினேன். அவன் புளுகவில்லை என்று தெரிய நாலு வருடம் ஆனது.

மேலே போகுமுன் ஒன்று. புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் சுருட்டு உடம்புக்குக் கெடுதல்தான். வாய்ப் புற்றுக்கும் தொண்டைப் புற்றுக்கும் அது வழி. நான் வாரத்துக்கு ஒன்று, ஞாயிறு சாயங்காலம் மட்டும். பழக்கம் இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டாம். வாசனை பிடிக்கும் வேலையில் பாதியைப் பற்றவைக்காமலே செய்யலாம், அதையும் சொல்கிறேன்.

சுருட்டு எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. ஆங்கிலத்தில் 'செரூட்' என்கிறார்களே, அது நம் 'சுருட்டு'தான், கடல் தாண்டியதில் உச்சரிப்பு மாறிவிட்டது. வெள்ளைக்காரன் காலத்தில் உறையூர், திண்டுக்கல் சுருட்டு கப்பலேறிப் போன சரக்கு. தாத்தா உறையூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர் என்பதால் அந்தப் பெருமை எங்கள் வீட்டில் கொஞ்சம் அதிகமாகவே பேசப்படும். ஆனால் உண்மையில் சுருட்டைத் தெரிந்து வைத்திருந்தது தாத்தா அல்ல, மௌல்மீனில் இருந்த அத்தை. பர்மாவில் பெண்கள் சுருட்டுப் பிடிப்பதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அத்தையும் திண்ணையில் உட்கார்ந்து, பொறி சேலையில் விழாமலிருக்க ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கீழே பிடித்துக்கொண்டு, நிதானமாக இழுப்பார்.

2017 திஞ்ஞான் லீவில், அதாவது பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா லீவில், அவரிடம் கேட்டேன்: "அத்தை, இதிலே உங்களுக்கு என்ன வாசம் வருது?"

"பத்த வைக்கிறதுக்கு முந்தி மோந்து பாத்தியாடா? பாதி அங்கேயே தெரிஞ்சுடும்" என்றார். பக்கத்திலிருந்த சுருட்டுக் கட்டு ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனவர், "இது மழையிலே நனைஞ்சு திரும்பக் காஞ்சது" என்று தள்ளி வைத்தார். நானும் முகர்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை. அரிசி மூட்டை இருந்த மூலைக்கு என்னை அனுப்பி, காலிச் சாக்கை முகர்ந்துவிட்டு வரச் சொன்னார். போய் வந்து மறுபடி அந்தச் சுருட்டுக் கட்டை எடுத்தேன். அப்பட்டமாகச் சாக்கு! முன்பே அங்கே இருந்த வாசனைதான், எனக்கு அதன் அடையாளம் தெரியாமல் இருந்தது.

ஒன்பது வருடத்தில் நான் கற்றதில் பெரியது அந்தச் சாக்குதான். சுருட்டை முகர்ந்து முகர்ந்து சுருட்டின் வாசனையைக் கற்றுக்கொள்ள முடியாது. முதலில் சாக்கை முகர வேண்டும்.

பள்ளிக்கூடமாக எனக்கு வாய்த்தது நம் ஊர் சேபோலெய். பெயரிலேயே காட்டம் குறைந்த சுருட்டு என்று இருக்கிறது. மேலே சுற்றுவது புகையிலை இல்லை, ஷான் மலைப்பக்கத்திலிருந்து வரும் தனப்பெ இலை. தமிழில் நறுவிலி என்கிறோமே, மூக்குச்சளிப் பழம் காய்க்கும் மரம், அந்தச் சாதி. உள்ளே பொடித்த புகையிலையோடு தண்டுத் துண்டும் மரத்துண்டும் கலந்திருக்கும். வாய்ப்பக்கம் சோளமட்டையைச் சுருட்டி வைத்த வடிகட்டி. இதற்கு நேர் எதிர் சேப்பியின்லெய், முழுப் புகையிலை, காட்டமான சரக்கு. ஐராவதி வெள்ளம் வடிந்த கரைகளில் விளையும் புகையிலைக்குப் பக்கோக்கு பெரிய சந்தை.

சேபோலெயில் தொடங்கியதில் ஒரு லாபம், ஒரு நஷ்டம். லாபம், விலை. ஒன்றைப் பற்றவைத்து நாலு இழுப்பில் வைத்துவிட்டு அடுத்ததை ஒப்பிடலாம், மனது அடித்துக்கொள்ளாது. நஷ்டத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்திருந்தேன். முதல் இரண்டு வருடப் பக்கங்களில் எங்கே பார்த்தாலும் 'புளி', 'கருப்பட்டி', 'அன்னாசிப்பூ'. என் மூக்கு திறந்துவிட்டது என்று ஒரே பெருமிதம். பிறகு இன்லே ஏரிக்குப் போனபோது சுருட்டுப் பட்டறையில் ஒரு பெண் புகையிலைக் கலவை செய்வதைப் பார்த்தேன். எதிரே கிண்ணங்களில் இருந்தவை புளி, வெல்லம், அன்னாசிப்பூ! நான் கண்டுபிடித்த 'நுட்பமான வாசனைகள்' எல்லாம் அவர்கள் கையால் போட்டவை. குழம்பில் புளி இருக்கிறது என்று கண்டுபிடித்தவனுக்கு யாரும் பட்டம் கொடுப்பதில்லை.

அதன்பிறகுதான் எதுவும் சேர்க்காத புகையிலைக்கு மாறினேன். அங்கே கொஞ்ச நாள் மறுபடி குருடு. அக்கா மகன் வருடத்துக்கு இரண்டு முறை நாலைந்து நிக்கராகுவா, டொமினிகன் சுருட்டுகள் கொண்டு வருவான். அட்டையில் எப்போதும் முதலில் நிற்பது அந்தச் சீடார். எனக்குச் சீடார் என்றால் தேவதாரு, இமயமலை. அதை நான் எங்கே முகர்ந்தேன்? ஒருநாள் பெட்டி செய்யக் கொடுக்கலாம் என்று தச்சரிடம் போனேன். அவர் இழைப்புளி போட்டுக்கொண்டிருந்த சிவந்த பலகையிலிருந்து ஒரு வாசனை வந்தது. லேசான இனிப்பு, மிளகு, புதுப் பென்சில். "இது என்ன மரம்?" "தித்கடோ" என்றார். நம் சந்தன வேம்பு. சுருட்டுக்காரர்கள் சீடார் என்று சொல்வது தேவதாருவையே அல்ல. அமெரிக்கப் பக்கத்து வேப்பங்குடும்ப மரம் ஒன்றை அந்தப் பெயரில் அழைக்கிறார்கள். தித்கடோ அதற்கு நெருங்கிய உறவு, சுருட்டுப் பெட்டி செய்ய இதுவும் ஆகிவரும். ஒரு பிடி சீவலைத் தாளில் மடித்து வாங்கி வந்தேன். அன்று சாயங்காலம் சுருட்டின் முதல் ஐந்து நிமிடத்திலேயே அந்தச் சீவல் வந்து நின்றது. 2016-ல் அட்டை எழுதியவனிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டது அன்றுதான். 2020 பிப்ரவரி.

இழுக்கும் முறை பற்றிக் கொஞ்சம். நிமிடத்துக்கு ஒரு இழுப்புப் போதும். அவசரப்பட்டால் கங்கு சூடேறி எல்லாமே கசப்பாகிவிடும். என் முதல் வருடக் கசப்பில் பாதிக்கு இதுதான் காரணம். புகையை வாயில் வைத்து, பெரும்பகுதியை வெளியே விட்டு, மிச்சம் இருக்கும் கொஞ்சத்தை மூக்கு வழியாக மெதுவாக விட வேண்டும். நெஞ்சுக்குள் போகக் கூடாது. முதல் தடவை கண்ணில் தண்ணீர் வரும். ஆனால் வாசனை என்பது அந்த வழியில்தான் இருக்கிறது. நம்பாதவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சோம்பை மென்று பாருங்கள். லேசான இனிப்பும் துகளும் தவிர ஒன்றும் தெரியாது. விரலை எடுத்த நொடியில் சோம்பு வந்துவிடும். இதற்குச் சுருட்டே தேவையில்லை, குழந்தைகளுக்கும் காட்டலாம்.

வெறும் வயிற்றில் வேண்டாம். சுருட்டுப் புகையிலையைப் பாடம் செய்யும் விதத்தில் சர்க்கரை குறைந்துவிடுகிறது, அதன் புகை காரத்தன்மை உடையது. மிளகாய்க் காரம் இல்லை, சுண்ணாம்பு சோடா வகைக் காரம். அதனால் நிகோட்டின் வாய்த் தோல் வழியாகவே ரத்தத்தில் ஏறிவிடும். என் முதல் நாள் தலைச்சுற்றல் அதுதான். இப்போதெல்லாம் பக்கத்தில் ஒரு துண்டு கருப்பட்டியும் ஒரு கெட்டில் யேநுவேயும் இல்லாமல் உட்காருவதில்லை. தேநீர்க்கடையில் மேசைக்கு மேசை இலவசமாக வைக்கிறார்களே, அந்தப் பால் இல்லாத பச்சைத் தேநீர். நாக்கைக் கழுவ அதைவிட நல்லது எனக்குக் கிடைத்ததில்லை. காப்பி கூடாது, அது தன் வாசனையையே எல்லாவற்றின் மேலும் பூசிவிடும்.

நாக்கைப் பொறுத்தவரை நமக்கு ஒரு வசதி. மேல்நாட்டுக் கணக்கில் சுவை ஐந்து, அதில் கார்ப்பும் துவர்ப்பும் கிடையாது. அவை நாக்கின் சுவையல்ல, வாயின் உணர்ச்சி என்பார்கள். அறிவியல்படி சரிதான். ஆனால் சுருட்டு பிடிப்பவனுக்கு அந்த இரண்டும்தான் முக்கியம். வாழைப்பூவையும் மாவடுவையும் தின்று வளர்ந்தவனுக்குத் துவர்ப்பைத் தனியாகப் பிரிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நோட்டில் ஆறு சுவைக்கும் ஆறு கட்டம் போட்டு எழுத ஆரம்பித்ததும் என் குறிப்புகள் ஒரேயடியாகத் தெளிந்தன.

2021 ஜூலையில் ரங்கூனில் வீட்டுக்கு வீடு கொரோனாக் காய்ச்சல், ஆக்சிஜன் சிலிண்டருக்கு ஆள் அலைந்த மாதம். எனக்கும் வந்தது. உயிர் தப்பியது, வாசனை போய்விட்டது. வீட்டுக்காரி ஙாப்பி, அதுதான் புளித்த மீன் விழுது, வறுக்கிறாள், தெருவே மணக்கிறது என்கிறாள், எனக்குக் காற்று. உடம்பு தேறி இரண்டு மாதம் கழித்து, ஒரு அற்ப ஆசையில், சுருட்டு ஒன்றைப் பற்றவைத்தேன். கசப்பு, கார்ப்பு, துவர்ப்பு, வாயில் சூடு. அவ்வளவுதான். தித்கடோ இல்லை, சாக்கு இல்லை. நாலு நிமிடத்தில் அணைத்துவிட்டேன். சுருட்டில் நாக்கின் பங்கு எவ்வளவு, மூக்கின் பங்கு எவ்வளவு என்று இதைவிடத் தெளிவாக எந்த ஆசிரியரும் காட்டியிருக்க முடியாது. அந்தப் பாடம் எனக்கு வேண்டாம் என்றுதான் அப்போது தோன்றியது.

மூக்குக்கு ஒரு பயிற்சி உண்டு. ஜெர்மனியில் தாமஸ் ஹம்மல் என்ற மருத்துவர் குழு 2009-ல் சொன்னது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் நான்கையும் காலையும் மாலையும் சில விநாடிகள் முகர வேண்டும், மாதக்கணக்கில். கிராம்பு அஞ்சறைப்பெட்டியில், ரோஜா கோயில் மாலையில், மற்ற இரண்டும் கடையில். முதலில் திரும்பியது கிராம்பு. பிறகு ஒரு விசித்திர காலம். காப்பி கருகிய ரப்பராக நாறியது, வெங்காயம் அழுகலாக. ஒரு வருடம் போல ஆகிச் சரியானது. சுருட்டைத் தொடவில்லை. ஆனால் அந்த வருடத்தில் முகர்ந்து பழகியதுதான் இன்று என்னிடம் இருக்கும் மூக்கு என்று நினைக்கிறேன். முன்பு வாசனை வந்தால் கவனிப்பேன், இப்போது போய்த் தேடுகிறேன்.

அந்தப் பழக்கத்தில் சூரத்தி பஜாரில், அதாவது தெயிஞ்சி சந்தையில், மசாலா வரிசையில் நான் நடக்கும் வேகம் வீட்டுக்காரிக்குத் தாங்கவில்லை. கோணி கோணியாக நிற்பேன்.

இப்போதைய நோட்டுக் குறிப்புகள் சில: 'வறுத்த தனியா, சூடு ஆறிய பிறகு.' 'விபூதித் தட்டு.' 'முதல் மழை, தகரக் கூரை.' சேப்பியின்லெயின் கடைசிப் பகுதிக்கு அடிக்கடி எழுதுவது, 'லபெத் சாடி மூடியைத் திறந்தது.' லபெத் என்பது பர்மாவில் தின்னும் புளித்த தேயிலை. இதில் காரணமும் இருக்கிறது. தேயிலையை அவித்துப் புளிக்க வைப்பது போலப் புகையிலையையும் குவித்து வைத்துப் பதப்படுத்துகிறார்கள், குவியல் தானே சூடேறும். அவசரப்பட்டு விற்ற சரக்கில் அந்த வேலை முடிந்திருக்காது. அப்போது வருவது மூத்திர நெடி, அமோனியா. ஒரு கடையில் 'பழைய சரக்கு' என்று அதிக விலைக்குக் கொடுத்த கட்டு முழுக்க இந்த நெடிதான். திருப்பிக் கொடுக்கப் போனால், "நல்ல காட்டம் அண்ணே, பழகிடும்" என்றார் கடைக்காரர். பழகவில்லை. மூன்று மாதம் காற்றோட்டமாக வைத்த பிறகு பிடிக்கிற மாதிரி ஆனது.

சேமிப்புதான் இந்த ஊரில் பெரிய தொல்லை. சுருட்டுக்கு 65 முதல் 70 சதவீத ஈரப்பதம் போதும். மழைக்காலத்தில் ரங்கூன் காற்று 90-ஐத் தொடும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, தித்கடோப் பலகை ஒரு துண்டு, மலிவான ஈரமானி, இவ்வளவுதான் என் ஏற்பாடு. அந்த ஈரமானி இரண்டு வருடம் என்னை ஏமாற்றியது. ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டுச் சேறு போல நனைத்து, மானியோடு ஒரு பையில் கட்டி ஒருநாள் வைத்தால் 75 காட்ட வேண்டும். என்னுடையது 68 காட்டியது. ஆக நான் 68 என்று நம்பியதெல்லாம் 75. சுருட்டுகள் ஒருபக்கமாக எரிந்ததும், 'புளிப்பு, மந்தம்' என்று நோட்டில் பத்துப் பக்கம் எழுதியதும் அதனால்தான். புகையிலையைக் குற்றம் சொல்லி இருந்தேன். அந்தப் பக்கங்களை அடித்துவிட்டேன்.

வண்டு இன்னொன்று. வெயில் காலத்தில் முட்டை பொரித்து ஊசி குத்தியது போல ஓட்டை போடும். உறைபெட்டியில் வைத்தால் செத்துவிடும் என்பார்கள். நாளுக்கு எத்தனை மணி நேரம் கரண்ட் இருக்கும் என்று தெரியாத ஊரில் உறைபெட்டி வெறும் அலமாரி.

இன்னும் பிடிபடாதது தோல். அட்டைகளில் அடிக்கடி வருகிறது. செருப்புக் கடையிலும் பழைய பெட்டிக் கடையிலும் நின்று முகர்ந்தாகிவிட்டது, புகையில் இதுவரை சந்திக்கவில்லை. ஹேசல் பருப்பை நான் பார்த்ததே கிடையாது. அக்கா மகன் அடுத்த முறை வரும்போது சுருட்டைக் குறைத்துக்கொண்டு அந்தப் பருப்பு கால் கிலோ கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். மழை விட்டதும் டப்பாவை முழுக்கக் கொட்டிப் பார்க்க வேண்டும். போன ஞாயிறு மூடி ஓரத்தில் ஒரு வண்டு ஊர்ந்தது.