4294967297-ஐப் பிரித்துக் காட்டும் கால்குலேட்டர்

பொறியியல் முதலாண்டு சேர்ந்திருக்கும் மகளுக்காக மன்னார்குடி கடைவீதியில் வாங்கிய சயின்டிஃபிக் கால்குலேட்டரில், பத்து இலக்கம் வரையுள்ள முழு எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிக்கும் வசதி இருக்கிறது. அந்த ஒரு வசதியை மட்டுமே இங்கே மதிப்பிடுகிறேன்.

சோதனைக்கு நான் எடுத்துக்கொண்ட எண் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. இரண்டை 32 முறை பெருக்கி ஒன்றைக் கூட்டினால் இது கிடைக்கும். சதுரங்கக் கட்டங்களில் நெல்மணியை இரட்டித்துக்கொண்டே போகும் கதையில் 33-ஆம் கட்டத்துக்கு வர வேண்டிய நெல்லைவிட ஒரு மணிதான் அதிகம். ஆயிரம் மணிக்கு 20 கிராம் என்று கொண்டால், நம் கொள்முதல் நிலையத்து 40 கிலோ மூட்டையில் ஏறத்தாழ 2,150 மூட்டை. (சதுரங்க வல்லபநாதர் கோயில் கொண்டிருக்கும் திருப்பூவனூர் பக்கத்தில்தான் இருக்கிறது என்பதால் இந்தக் கணக்கில் எனக்குத் தனிப் பிரியம்.) 3, 5, 17, 257, 65537 என்ற வரிசையில் (ஓர் எண்ணில் ஒன்றைக் கழித்து வர்க்கமாக்கி ஒன்றைக் கூட்டினால் அடுத்தது வரும்) அடுத்து வரும் 4294967297-உம் பகா எண்ணாகவே இருக்கும் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் கணித மேதை ஆய்லர் 641 இதை மீதியின்றி வகுப்பதைக் காட்டினார்.

எண்ணை இட்டுச் சமக்குறியை அழுத்திவிட்டு, ஷிஃப்ட் விசையையும் டிகிரி விசையையும் தொட்டேன். திரையில் 641 × (6700417) என்று வந்தது. அந்த அடைப்புக்குறியைத்தான் கவனிக்க வேண்டும். மூன்று இலக்கம் வரையுள்ள பகா எண்களால் மட்டுமே இக்கருவி வகுத்துப் பார்க்கிறது. எஞ்சியது பகா எண்தான் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாதபோது அதை அடைப்புக்குறிக்குள் வைத்துவிடுகிறது. தெரிந்ததையும் தெரியாததையும் இப்படிப் பிரித்துக் காட்டும் நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் அதன் பொருளைக் கையேட்டில் பொடி எழுத்தில் ஒளித்து வைத்திருப்பது பெருங்குறை.

மிச்ச வேலையை நாமே முடிக்கலாம். 4294967297-இன் பகாக் காரணி எதுவாயினும் அது 128-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்கும் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா 1878-இல் நிறுவினார். 641-உம் 128-ஐ ஐந்தால் பெருக்கி ஒன்று கூட்டியதுதான். 6700417-இன் வர்க்கமூலம் 2,589-க்குள் அடங்குவதால், நான்கு இலக்கத்தில் சோதிக்க வேண்டிய பகா எண்கள் 1153, 1409 ஆகிய இரண்டே. முதலாவது 334 மீதி தருகிறது, இரண்டாவது 622. ஆகவே 6700417 பகா எண்தான். மகள் இதைத் தானே காகிதத்தில் வகுத்துப் பார்த்துவிட்டு, அடைப்புக்குறியைப் பேனாவால் அடித்தாள்.

வரிசையின் அடுத்த எண்ணுக்கு 20 இலக்கம். அதைத் திரை பத்தின் அடுக்காகச் சுருக்கிவிடுவதால் காரணி விசை பயன்படாது. கல்லூரிப் பாடத்துக்கு அது தேவைப்படாது என்பதால், கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு இதைத் தயங்காமல் வாங்கித் தரலாம்.