ஈரல் கொழுப்பைக் கரைக்கும் குளிசை விற்க வருகிறவர்கள் பற்றி

ஹட்டன், தலவாக்கலை பக்கத் தோட்டங்களில் இருப்பவர்கள் இதை வாசித்துவிட்டு வீட்டில் இருக்கும் வயசானவர்களிடமும் சொல்லுங்கள். "இலவச ஸ்கேன்" என்று வந்த ஒரு கூட்டம் என் அப்பாவிடம் 18,000 ரூபாய் கறந்துகொண்டு போயிருக்கிறது. வேலையிலிருந்து நின்று ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசு எடுத்தவர்களாகப் பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஸ்கேன் என்றது, லெப்டொப்பில் செருகிய ஒரு குச்சி. அதைக் கையில் இறுக்கிப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். திரையில் சிவப்புக் கோடு ஓடியதும், "ஐயா, ஈரல் முழுக்கக் கொழுப்பு." உண்மையான ஈரல் ஸ்கேன் என்றால் வயிற்றில் ஜெல் பூசி, கருவியை வைத்து அழுத்திப் பார்ப்பார்கள். இவர்களிடம் போன எல்லாருக்கும் அதே நோய்தானாம், துணைக்குப் போன பிள்ளைக்கும் சேர்த்து!

ஃபேட்டி லிவர் பொய் நோய் இல்லை, அதுதான் இவர்களுக்கு வசதி. நுவரெலியா மாவட்டத் தோட்டங்களில் செய்து 2011இல் வெளியான ஆய்வில் 100க்கு 18 பேருக்கு ஈரலில் கொழுப்பு இருந்தது. உடம்பு முறிய வேலை செய்கிற சனத்துக்கே இப்படி.

விற்ற சாமான் "ஒமேகா 3-6-9". போத்தலின் பின்பக்கப் பொடி எழுத்தை போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒமேகா-3 என்பது மீன் எண்ணெயில் இருக்கிற கொழுப்பு, அதில் ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. என்று இரண்டு வகை. ஒரு குளிசையில் ஈ.பி.ஏ. 180 மில்லிகிராம், டி.எச்.ஏ. 120. சாதாரண மீன் எண்ணெய்க் குளிசையில் இருக்கிற அளவேதான். அந்த 6உம் 9உம் நாம் சமைக்கிற எண்ணெயிலேயே கிடக்கின்றன. வெட்டிப் பார்த்தால் பழைய கருவாட்டு வாடை வேறு.

ஒமேகா-3 ஈரல் கொழுப்பை ஓரளவு குறைக்கலாம் என்று ஆய்வுகள் சொல்வது உண்மை. ஆனால் அங்கே கொடுத்த அளவு வேறு. 2014இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டனிலிருந்து வெளியான ஆய்வில் தினமும் 4 கிராம் செறிவான ஒமேகா-3, ஒரு வருஷத்துக்கும் மேலாகக் கொடுத்தார்கள். இந்தப் போத்தலில் அந்த அளவு வேண்டுமென்றால் நாளுக்குப் பத்துக்கு மேல் விழுங்க வேண்டும். அவ்வளவு கொடுத்தும் ஈரலில் எவ்வளவு தழும்பு விழுந்திருக்கிறது என்று காட்டும் மதிப்பெண் இறங்கவில்லை. ட்ரைகிளிசரைட் என்கிற ரத்தக் கொழுப்பு கூடினவர்களுக்கு டொக்டர் எழுதிக் கொடுப்பது வேறு கதை. கூடிய அளவில் இதயத் துடிப்பு தாறுமாறாகும் அபாயமும் இருக்கிறது, ரத்தம் இளக்கும் மருந்து எடுப்பவர்கள் கேட்காமல் தொடவே கூடாது.

காசு போனதைக்கூட விடலாம். "இனி கிளினிக் மருந்து தேவையில்லை" என்று சொன்னதைத்தான் மன்னிக்க முடியவில்லை. அப்பா சுகருக்கு எடுத்த மெட்போமின் மருந்தை நிறுத்திவிட்டார். அடுத்த கிளினிக்கில் வெறும்வயிற்றுச் சுகர் 260க்கு மேல். கிளினிக் கொப்பியைப் பார்த்த டொக்டர், மருந்தைத் திரும்பத் தொடங்கி, பிளேன்டீக்குப் போடும் சீனியையும் ராத்திரி ரொட்டியையும் குறைக்கச் சொன்னார். உடம்பு எடையில் 100க்கு 5 குறைந்தாலே ஈரல் கொழுப்பு இறங்குமாம், 10 குறைந்தால் தழும்பும் ஆறலாமாம். மீன் எண்ணெய் வேண்டுமென்றால் சாளை வாங்கிக் குழம்பு வையுங்கள் என்றார்.

காசைத் திருப்பிக் கேட்டதற்கு "சீல் உடைத்தாச்சு" என்றார்கள், பிறகு போனையே எடுக்கவில்லை. பில் கிடையாது, ஒரு விசிட்டிங் கார்ட் மட்டும். பாவனையாளர் அதிகாரசபையின் 1977 என்ற போன் இலக்கத்துக்கு முறைப்பாடு சொல்லியிருக்கிறேன். உங்களிடம் வந்தால் பில் கேளுங்கள், போத்தலைப் படம் எடுங்கள், வேன் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து பொகவந்தலாவைப் பக்கம் போகப் போவதாகக் கேள்வி.