பட்டாலையில் கேட்ட மிஸ்ஸா சொலம்னிஸ்

காரைக்குடி பக்கம் எங்கள் ஊர் வீட்டுக்கு வருஷத்தில் இரண்டு தடவைதான் போவோம், இந்த முறை கூடவே ஒரு சிடியும் வந்தது. கத்தோலிக்கப் பூசையின் லத்தீன் வரிகளுக்கு பீத்தோவன் இசையமைத்த மிஸ்ஸா சொலம்னிஸ், ஜான் எலியட் கார்டினர் நடத்தி, மான்டிவெர்டி குழு பாடி, இங்கிலீஷ் பரோக் சோலோயிஸ்ட்ஸ் வாசித்த 1989 பதிவு. ஆன்லைனில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. பெட்டியில் விரிசல், பாட்டு வரிப் புத்தகத்தைக் காணோம், தட்டில் கீறல் இல்லை. சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இதன் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா பதிவு ஒன்று ரொம்ப நாளாக என்னிடம் உண்டு. வழவழவென்று போகும், பாதியில் தூங்கிவிடுவேன். இதில் பீத்தோவன் காலத்து வாத்தியங்கள்: வயலினில் குடல் நரம்பு, மரப் புல்லாங்குழல், வால்வே இல்லாத ட்ரம்பெட், தோல் போர்த்திய டிம்பனி முரசு. வார் பிடித்த தவிலையும் இரும்புப் பட்டை போட்டு நட்டு முடுக்கிய தவிலையும் அடுத்தடுத்துக் கேட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வாத்தியம் குரலை அமுக்காததால், கிரேதோ என்ற பகுதியின் கடைசியில் நாலு குரலும் ஒன்றையொன்று துரத்தும் இடத்தில் யார் எங்கே போகிறார்கள் என்பது தனித்தனியாகக் கேட்கிறது, மேல் ஸ்தாயியில் பெண்கள் படும் பாடும் சேர்த்துத்தான்.

1820 மார்ச்சில் நடக்கவிருந்த, ஆஸ்திரிய இளவரசர் ருடால்ஃப் பேராயர் ஆகும் சடங்குக்கென்று பீத்தோவன் ஆரம்பித்தது, எழுதி முடித்தது 1823ல். நம்மூர் ஆசாரியிடம் நிலைக்கதவு சொன்ன கதைதான். முழுதாக முதலில் அரங்கேறியது 1824ல், அதுவும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில்.

ஸ்பீக்கரை முதலில் பட்டாலையில், அதாவது முன்கூடத்தில் வைத்தேன். முட்டை வெள்ளைக்கரு பூசிய சுவர், ஆத்தங்குடிக் கல் தரை, எதிரொலியில் குளோரியா பகுதி முழுக்கக் கூழாகிவிட்டது. முற்றத்தைச் சுற்றியுள்ள வளவுக்கு நகர்த்தி, ஒலி முற்றத்து வழியாக மேலே போகும்படி வைத்த பிறகுதான் தெளிந்தது.

குறை என்றால் பெனடிக்டஸ் பகுதி. ஒற்றை வயலின் மேலிருந்து இறங்கி வரும் அந்த இடத்தில் கார்டினருக்கு என்ன அவசரமோ. அங்கே மட்டும் இன்னொரு நடத்துனரான ஹார்னன்கோர்ட் 2015ல் ஆஸ்திரியாவின் கிராட்ஸில் எடுத்த பதிவுக்குத்தான் என் ஓட்டு, அதுவும் பழைய வாத்தியங்கள்தான்.

ஆனால் கடைசிப் பகுதியான அக்னுஸ் தேய்! சமாதானம் கேட்டுப் பாடிக்கொண்டிருக்கும்போதே தூரத்தில் டிம்பனியும் ட்ரம்பெட்டும் போர்முரசாகக் கிளம்பும், பாடுகிறவர்கள் பதறிப்போய் இரக்கம் கேட்பார்கள். நெப்போலியன் படை 1809ல் வியன்னாவைக் குண்டு போட்டுப் பிடித்தபோது ஊருக்குள்ளேயே இருந்தவர் எழுதியது. தோல் முரசில் அது விழுந்தபோது உள்ளே படுத்திருந்த ஆயா எழுந்து வந்து, “யாரு ராசா, வாசக் கதவ இடிக்கிறது?” என்றார்கள்.

அதோடு முடியவில்லை. முடியப் போகும் நேரத்திலும், மற்ற எல்லாம் அடங்கிய பிறகு, டிம்பனி மட்டும் மெல்ல இன்னொரு தடவை தட்டிப் பார்க்கிறது. என் பழைய சிடியில் இத்தனை வருஷமாக அதைக் கவனித்ததே இல்லை.