என்.எஸ்.ஜி.பி. பாதுகாப்பு மானியம்: கதவுக்குக் காசு உண்டு, ஆனால் கதவை முதலில் நீங்கள் வாங்க வேண்டும்

யூத வெறுப்பை எதிர்த்து அமெரிக்க யூத அமைப்புகள் வாஷிங்டனில் வாதாடிப் பெற்றவற்றில் பாதி, தாளோடு நிற்பவை: வரையறைகள், தீர்மானங்கள், ஆணைகள். கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய சிலவற்றில் ஒன்று, அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை முகமையான ஃபீமா நடத்தும் நான்ப்ராஃபிட் செக்யூரிட்டி கிராண்ட் புரோகிராம். சுருக்கமாக என்.எஸ்.ஜி.பி. கேமரா, வேலி, கண்ணாடியில் ஒட்டும் ஃபிலிம் என்று அதன் பலன் கட்டடத்திலேயே தெரியும். யூதர்களுக்கு மட்டுமானதும் அல்ல. 501(சி)(3) என்ற வரிவிலக்குத் தகுதியுள்ள கோயில், குருத்வாரா, மசூதி, தேவாலயம், பள்ளி என எதுவும் கேட்கலாம். நியூஜெர்சியிலோ டெக்சஸிலோ கோயில் கமிட்டியில் இருக்கும் தமிழர்களுக்கு நேரடியாக உதவும் சேவை.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, இன்று ஜூயிஷ் ஃபெடரேஷன்ஸ் ஆஃப் நார்த் அமெரிக்கா என்ற பெயரில் இயங்கும் கூட்டமைப்பு, ஆர்த்தடாக்ஸ் யூனியன், அகுதத் இஸ்ரேல் ஆகியவை முன்னின்று கேட்டதால் 2005 நிதியாண்டில் 2.5 கோடி டாலரோடு தொடங்கியது. 2018 அக்டோபரில் பிட்ஸ்பர்க் நகரின் யூத ஜெபாலயத்தில் 11 பேர் கொல்லப்பட்டபோது ஆண்டு ஒதுக்கீடு 6 கோடி. 2020 ஜனவரியில் தனிச் சட்டம் வந்தது. 2023-ல் 30.5 கோடி. அந்த ஆண்டு மே மாதம் வெள்ளை மாளிகை வெளியிட்ட யூத வெறுப்புத் தடுப்புத் திட்டம் 36 கோடி கேட்டது; காங்கிரஸ் 2024-க்கு 27.45 கோடிதான் கொடுத்தது, பிறகு கூடுதல் ஒதுக்கீடாக 40 கோடியைச் சேர்த்தது. ஒவ்வொரு தாக்குதலுக்குப் பிறகும் தொகை ஏறுகிறது. தகுதி விதியை எந்த மதத்தோடும் கட்டாமல் விட்டதுதான் இந்த அமைப்புகளின் சாமர்த்தியம். 2012-ல் ஓக் க்ரீக் குருத்வாராவில் துப்பாக்கிச் சூட்டைக் கண்ட சீக்கியர்களும் அதே வரிசையில் நின்று ஆதரிக்க முடிந்தது.

என்ன கிடைக்கும்? ஓரிடத்துக்கு முன்பு 1,50,000 டாலர் வரை, 2025 அறிவிப்பில் 2,00,000 வரை. வலுவான கதவு, நுழைவுக் கட்டுப்பாடு, வெளிவிளக்கு, வேலி, வண்டி மோதாமல் தடுக்கும் பொல்லார்டு, அலாரம், உடைந்தாலும் சிதறாத கண்ணாடி ஃபிலிம் எல்லாம் உண்டு. ஒப்பந்தக் காவலர் சம்பளம், பயிற்சி, திட்டமிடல் செலவும் சேரும். துப்பாக்கி கிடையாது. வண்டி எண்ணைப் படிக்கும் கேமரா கிடையாது. மானியம் உறுதியாகும் முன் வாங்கிய எதற்கும் பணம் வராது.

விண்ணப்பம் ஃபீமாவுக்கு நேரடியாகப் போகாது. மாநில நிர்வாக முகமை, அதாவது எஸ்.ஏ.ஏ. வழியாகத்தான் போகும். இங்கேதான் பலர் முதலில் சறுக்குகிறார்கள். ஃபீமா இணையதளத்தில் தெரியும் கடைசித் தேதி மாநிலத்துக்கானது. உங்களுக்கான தேதி அதற்கு முன்பே முடிந்துவிடும். விண்ணப்பிக்க யூ.இ.ஐ. என்ற நிறுவன அடையாள எண் வேண்டும்; அரசின் சாம்.கவ் தளத்தில் அது இலவசம். முழுப் பதிவு தேவையில்லை, எண் மட்டும் போதும். அதற்குக் காசு கேட்டு மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடுங்கள்.

முக்கியமான தாள்கள் மூன்று: நிறுவனத்தின் நோக்க அறிக்கை, அந்தக் கட்டடத்துக்கான பாதிப்பு மதிப்பீடு, ஐ.ஜே. என்று எல்லோரும் அழைக்கும் இன்வெஸ்ட்மெண்ட் ஜஸ்டிஃபிகேஷன் படிவம். மதிப்பீட்டுக்குத் தனியார் ஆலோசகர் வேண்டும் என்று கட்டாயமில்லை. இணைய, கட்டமைப்புப் பாதுகாப்புக்கான அரசு முகமை சிசா; அதன் பாதுகாப்பு ஆலோசகர்கள் இலவசமாக வந்து பார்க்கிறார்கள். வழிபாட்டுத் தலங்களுக்கான சுயமதிப்பீட்டுக் கருவியும் அவர்களிடம் உண்டு. ஜெபாலயங்களுக்கு இந்த வேலையில் கைகொடுக்க செக்யூர் கம்யூனிட்டி நெட்வொர்க் என்ற தனி அமைப்பே இருக்கிறது. இந்துக் கோயில்களுக்கு அந்த அளவில் ஏதும் இல்லை. அதனால் சிசாவைக் கூப்பிடுவதே புத்திசாலித்தனம், அதுவும் அறிவிப்பு வரும் முன்பே. வந்த பிறகு அவர்களுக்கு நேரம் இருக்காது.

ஐ.ஜே. தோற்பது பெரும்பாலும் ஒரே காரணத்தால். மதிப்பீட்டில் "பின்வாசல் பூட்டு பலவீனம்" என்று இருக்கும்; பட்ஜெட்டில் 16 கேமரா இருக்கும். கேட்கும் ஒவ்வொரு பொருளும் மதிப்பீட்டில் சொன்ன ஒரு குறையை அடைக்க வேண்டும். அச்சுறுத்தல் பகுதியில் நாட்டு நிலவரத்தை விவரித்துப் பயனில்லை. உங்கள் வாசலில் நடந்தது என்ன, என்றைக்கு, போலீஸ் புகார் உண்டா? மிரட்டல் கடிதம், உடைந்த கண்ணாடி, சுவரில் கிறுக்கியது எல்லாவற்றுக்கும் புகார் கொடுத்து எண் வாங்கி வைக்கும் பழக்கம் ஜெபாலயங்களில் வேரூன்றியிருக்கிறது. நம் கமிட்டிகளோ "எதற்கு வம்பு" என்று சுவரைக் கழுவிவிடும். கழுவுங்கள், ஆனால் புகார் கொடுத்த பிறகு. மானிய எழுத்தர் ஒருவர் பத்துக் கோயில்களுக்கு ஒரே ஐ.ஜே.யை எழுதிக் கொடுப்பதும் மாநில அளவிலேயே மாட்டிக்கொள்ளும்.

மதிப்பெண் முறை சமீப ஆண்டுகளில் வழிபாட்டுத் தலங்களுக்குச் சாதகம்: நம்பிக்கையால் தாக்குதல் அபாயத்தில் இருக்கும் நிறுவனத்தின் மதிப்பெண்ணை மூன்றால் பெருக்குகிறார்கள், பள்ளி, மருத்துவமனைக்கு இரண்டால். இதுவரை வாங்காதவருக்குக் கூடுதல் மதிப்பெண்ணும் உண்டு. அப்படியும் 2023-ல் கேட்டவர்களில் பாதிப் பேருக்குக்கூடக் கிடைக்கவில்லை.

கிடைத்த பிறகுதான் பெரிய வலி. இது செலவழித்த பின் ஈடுகட்டும் மானியம். ஒரு லட்சம் டாலர் வேலைக்கு முதலில் கோயில் கணக்கிலிருந்து ஒரு லட்சம் போக வேண்டும். பில், செக் நகல், கொட்டேஷன் எல்லாம் மாநிலத்துக்குப் போய், பணம் திரும்ப மாதங்கள் ஆகலாம். கையிருப்பு உள்ள பெரிய ஜெபாலயத்துக்கு இது சிரமமில்லை. வாடகை மண்டபத்தில் நடக்கும் சிறிய கோயிலுக்குக் கிட்டத்தட்ட எட்டாக்கனி. 20 ஆண்டுகள் மொத்தத் தொகையை ஏற்றப் பாடுபட்ட அமைப்புகள், பணம் வரும் வழியை அதே வேகத்தில் சரிசெய்யவில்லை என்பதே இந்தச் சேவையின் மீதான முதல் குறை. வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குப் பணம் வந்ததும் அடுத்ததைத் தொடங்குவது கொஞ்சம் சமாளிக்க உதவும். செலவழிக்க வழக்கமாக 36 மாதம் உண்டு.

அடுத்தது சுற்றுச்சூழல், தொன்மைப் பாதுகாப்பு ஆய்வு. சுவரில் துளை போடும் முன்பே, பொல்லார்டுக்குக் குழி தோண்டும் முன்பே ஃபீமாவின் அனுமதி கையில் இருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் சும்மா இருக்கிறார் என்று முந்திக்கொண்டு தோண்டினால், அந்தச் செலவு முழுவதும் உங்கள் தலையில்.

2025-ல் சேவையின் தரம் நன்றாகவே இறங்கியது. மார்ச்சில் பணம் நிறுத்திவைக்கப்பட்டது. ஏற்கெனவே செலவு செய்தவர்கள் காத்திருந்தார்கள். புதிய அறிவிப்பு ஜூலை கடைசியில்தான் வந்தது, மாநிலங்களுக்கே இரண்டு வார அவகாசம். குடியேற்றச் சட்ட அமலாக்கத்தோடு ஒத்துழைப்பது பற்றிய நிபந்தனைகளைப் பார்த்து, மானியமே வேண்டாம் என்று சொன்ன ஜெபாலயங்களும் உண்டு.

இன்னொன்று: பட்ஜெட்டில் பயிற்சிக்கான இடத்தைக் காலியாக விடாதீர்கள். 2022 ஜனவரியில் டெக்சஸின் காலிவில் ஜெபாலயத்தில் ஒருவன் துப்பாக்கியோடு நால்வரைப் பிடித்து வைத்தான். அவனை உள்ளே விட்டு டீ கொடுத்ததே ரப்பி சார்லி சைட்ரன்-வாக்கர்தான். எந்த இரும்புக் கதவும் அங்கே உதவியிருக்காது. மணிக்கணக்கில் காத்திருந்து, அவன் மீது நாற்காலியை வீசி, மீதியிருந்தவர்களோடு ஓடித் தப்பினார். முன்பு எடுத்த பயிற்சிதான் காப்பாற்றியது என்று அவரே சொன்னார். கேமரா விலையோடு ஒப்பிட்டால் அந்தப் பயிற்சிக்கு ஆகும் செலவு சொற்பம்.