சுகர் சென்சார்: 14 நாள் ஒட்டிப் பார்த்தேன்

மேல்கையில் ஒட்டும் சுகர் சென்சார் ஒன்றை ஐயாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கி, 14 நாளும் கழற்றாமல் போட்டுப் பார்த்தேன். எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை; குறையும் சொல்லப் போகிறேன், எதற்கு வம்பு. நான் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். பத்து வருடமாகச் சுகர், மாத்திரையோடு ஓடுகிறது.

ஒட்டும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டேன். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

இட்லி மூன்று சாப்பிட்டேன், 221. வெண்பொங்கலுக்கு 176 தாண்டவில்லை. நெய்யும் பருப்பும் மெதுவாக்கியிருக்கும். ஆனால் மூன்று மணி நேரம் ஆகியும் சுகரைக் காட்டும் கோடு இறங்கவே இல்லை. போன மாதம் இதே சென்சார் போட்ட அக்காவுக்கு நேர் தலைகீழ். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தார் 800 பேருக்கு ஒரு வாரம் சென்சார் மாட்டிப் பார்த்து 2015-இல் இதைத்தான் எழுதினார்கள்: ஒரே சாப்பாடு ஆளுக்கு ஆள் வேறு அளவு ஏற்றுகிறது. இனி "எனக்கு இட்லி ஒன்றும் பண்ணாது" என்று அக்கா சொன்னால் சண்டை போட மாட்டேன்.

நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரி ஆய்வையும் வீட்டில் செய்து பார்த்தேன். அவர்கள் கொடுத்தது காய்கறியும் கோழியும் முதலில், ரொட்டியும் ஆரஞ்சுச் சாறும் கால் மணி நேரம் கழித்து. ஒரு மணி நேரத்தில் பார்த்தால், ரொட்டியை முதலில் சாப்பிட்ட நாளைவிடச் சுகர் 37% குறைவு. மொத்தமே 11 பேர்தான், என் வகுப்பில் இரண்டு பெஞ்சுக்குக்கூடக் காணாது. அதனால் சந்தேகத்தோடுதான் ஆரம்பித்தேன். முதல் நாள் சாதம், சாம்பார், அவரைக்காய்ப் பொரியல், முட்டை எல்லாம் வழக்கம்போலக் கலந்து: 228. மறுநாள் அதே அளவு, பொரியலும் முட்டையும் முதலில்: 181. கணக்குப் போட்டால் 20 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். மாத்திரையைத் தொடாமல் இவ்வளவு இறங்கினால் கசக்குமா? "சாதத்தை வைத்துக்கொண்டு யாருக்குக் காத்திருக்கே?" என்று வீட்டுக்காரர் கேட்டதுதான் தொந்தரவு.

ராத்திரி சாப்பிட்டதும் மொட்டை மாடியில் பத்து நிமிடம் நடந்தேன். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம் 2016-இல் 41 பேரை வைத்துச் சொன்ன யோசனை. ஏறிக்கொண்டிருந்த கோடு கொஞ்ச நேரத்தில் வளைந்ததைப் பார்க்க எனக்குக் குழந்தை மாதிரி சந்தோஷம்.

இனி குறை. ஆறாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம், சுகர் 58 என்று. வீடே எழுந்து சர்க்கரை டப்பாவைத் தேடியது. விரலில் குத்திப் பார்த்தால் 109. கையை அமுக்கிப் படுத்திருக்கிறேன், அதான். இது ரத்தத்தை அளப்பதில்லை, தோலுக்கடியில் உள்ள நீரைத்தான் அளக்கிறது. அழுத்தினால் பொய்யாகத் தாழ்த்திக் காட்டும், சாதாரண நேரத்திலும் சில நிமிடம் பிந்தியே வரும். கம்பெனிக்குப் போன் பண்ணினால், "அந்தப் பக்கம் படுக்காதீங்க மேடம்" என்கிறார்கள். இதை டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கலாம். பன்னிரண்டாம் நாள் ரவிக்கைக் கையில் மாட்டி ஓரம் பிய்ந்தது. பிளாஸ்திரி ஒட்டிச் சமாளித்தேன்.

பத்துக்கு ஏழு மார்க். வருடம் முழுக்க மாட்டிக்கொண்டு திரிய மாட்டேன், கட்டுப்படியாகாது. அடுத்தது ஆடியில் வாங்குவதாக இருக்கிறேன். கேழ்வரகுக் கூழ் சுகருக்கு நல்லது என்று தெருவே சொல்கிறது, ஒரு சொம்பு குடித்துப் பார்க்க வேண்டும்.