செவலையின் பெயரில் பணம் அனுப்பியவர்கள் தயவுசெய்து படியுங்கள்

செவலை என்கிற பூனை சாகவில்லை. நான் இதை எழுதும்போது கூண்டுக்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டு முன்னங்காலை நக்கிக்கொண்டிருக்கிறான். அவன் இறந்துவிட்டதாக வந்த பதிவை நம்பி, பாக்கி பில்லுக்கும் அடக்கச் செலவுக்கும் பணம் அனுப்பியிருக்கிறீர்கள். அந்தப் பணத்தில் ஒரு காசுகூட இவனுக்கு வரவில்லை.

ஐந்து வாரத்துக்கு முன்னால் வண்டியில் அடிபட்டுச் சாலையோரம் கிடந்தவனைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் காலைத் தொடுவதற்கு முன்னால் நெஞ்சையும் வயிற்றையும்தான் பார்த்தார். அடிபட்ட பூனைக்கு நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் கிழிந்து குடல் நெஞ்சுக்குள் ஏறியிருக்கலாம், சிறுநீர்ப்பை கிழிந்திருக்கலாம், எலும்பு முறிவைவிட அவைதான் ஆபத்து என்றார். நல்ல வேளை, இரண்டும் இல்லை. இடுப்பெலும்பு மட்டும் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. "ஆபரேஷன் வேண்டாம். நாலிலிருந்து ஆறு வாரம் கூண்டில் வையுங்கள், குதிக்க விடாதீர்கள், கூடிவிடும். ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் போகவில்லை என்றால் மட்டும் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள்" என்றார்.

ஆபரேஷன் வேண்டாம் என்று அவர் சொன்னதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் இல்லாவிட்டாலும் எக்ஸ்ரே, டிரிப்ஸ், வலிக்கு ஊசி, மூன்று நாள் உள்ளே வைத்துப் பார்த்தது எல்லாம் சேர்ந்து பில் என் கைக்கு மீறிப் போய்விட்டது. அப்போதுதான் பூனைகளை மீட்பவர் என்று பலரும் அறிந்த ஒரு பெண் தானாகவே என்னைத் தொடர்புகொண்டார். "அக்கா, நீங்கள் பூனையைப் பாருங்கள், பணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்." மூன்று நாள் தூக்கமில்லாமல் இருந்தவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? படங்களையும் எக்ஸ்ரேயையும் பில்லையும் அனுப்பிவிட்டேன். மருத்துவமனைக் கணக்கு எண்ணையே போடலாமே என்று கேட்டேன். "அங்கே போனால் எந்தப் பூனைக்கு வந்த பணம் என்று குழம்பிவிடும் அக்கா" என்றார். நம்பினேன்.

அவர் போட்ட பதிவைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. இரண்டு நாளில் தகடு வைத்து ஆபரேஷன் செய்யாவிட்டால் பூனை முடமாகிவிடும் என்று எழுதியிருந்தார். எக்ஸ்ரேயின் ஓரத்தில் இருந்த பெயரும் தேதியும் வெட்டப்பட்டிருந்தன. போன் செய்து கேட்டேன். "இப்படிப் போட்டால்தான் கொடுப்பார்கள் அக்கா." அன்றைக்கே நான் வெளியில் சொல்லியிருக்க வேண்டும். பில்லை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

முதலில் ஒரு சிறு தொகை மருத்துவமனைக்கு வந்தது. அப்புறம் பணம் கட்டியதாக ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான் எனக்கு வந்தது. அதை வரவேற்பில் காட்டினேன். அங்கிருந்த பெண் ஒன்றும் சொல்லாமல் தன் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். பாக்கி அப்படியே இருந்தது. மறுநாள் பணம் திரட்டிய அந்தப் பெண் என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

போன வாரம் ஒரு தோழி அந்த இரங்கல் பதிவை எனக்கு அனுப்பினாள். அதில் இருந்தது எக்ஸ்ரேக்காக மயக்கம் கொடுத்திருந்தபோது நானே எடுத்த படம். அந்த மயக்கத்தில் பூனைக்குக் கண் மூடாது, நாக்கும் வெளியே தொங்கும். தெரியாதவர்கள் பார்த்தால் செத்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள்.

நீங்கள் வேறொரு பூனைக்கோ நாய்க்கோ கொடுப்பதாக இருந்தால், நேராக மருத்துவமனைக்கே கட்டுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். உண்மையில் பில் கட்ட முடியாமல் தவிப்பவர் உடனே சரி என்பார், ஏனென்றால் அவருக்கு ஒரு வேலை மிச்சம். மருத்துவமனை எண்ணைப் பதிவிலிருந்து எடுக்காமல் நீங்களே தேடி எடுத்துக் கூப்பிடுங்கள். விலங்கின் பெயரோ கோப்பு எண்ணோ சொன்னால், அப்படி ஒன்று அங்கே இருக்கிறதா என்பதையாவது சொல்வார்கள். ஸ்கிரீன்ஷாட்டை ரசீதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், மருத்துவமனை கொடுத்த தேதியிட்ட ரசீதைக் கேளுங்கள். படத்தைக் கூகுளில் போட்டுத் தேடினால் பழைய படம் பல சமயம் அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஆனால் என் விஷயத்தில் அதுவும் உதவியிருக்காது, படங்கள் புதியவை, பூனையும் உண்மை.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் அந்தப் பதிவு அழிக்கப்படுவதற்குள் அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, இன்றைக்கே உங்கள் வங்கியிடம் சொல்லுங்கள். நாள் போகப் போகப் பணம் திரும்புவது கடினம். புகார் கொடுக்கும்போது என் சாட்சி தேவையென்றால் கேளுங்கள், எல்லா உரையாடலும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

பாக்கியைத் தவணையாகக் கட்ட டாக்டர் ஒப்புக்கொண்டுவிட்டார், நானே கட்டிக்கொள்கிறேன். அடுத்த வாரம் மறுபடி எக்ஸ்ரே. செவலை பெயரைச் சொல்லி யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.